பஸ் டிரைவரும் லாரி டிரைவரும்: ஒரே சாலையில் இரண்டு வரலாறு



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன் பண்ணினான். பையன் என்ன பையன், அவனுக்கே கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். லைன் லாரி ஓட்டுகிறான். நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டான்: "டீச்சர், என்கூடப் படிச்சவன் கவர்மெண்ட் பஸ் ஓட்டுதான். ரெண்டு பேரும் ஒரே வருஷந்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்தோம். அவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப்., லீவு. எனக்கு வண்டி ஓடினாத்தான் காசு. ஏன் டீச்சர் அப்படி?"

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, எழுதுகிறேன் என்றேன். பதிவு நீளமாகத்தான் இருக்கும். வரலாற்றுப் பாடம் என்றாலே கொட்டாவி விடுகிற கடைசி பெஞ்சுக்காரர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் உங்களுக்கு உபயோகமான விஷயம் இருக்கிறது.

நம்ம தேவதானத்துக்காரர்களுக்கு லாரியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொல்லத்தில் கிளம்பி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி, புளியங்குடி, சிவகிரி வழியாக வந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி திருமங்கலத்தில் முடிகிற நெடுஞ்சாலை நம்ம பக்கமாகத்தான் போகிறது. பஞ்சு பேல், நூல், பேண்டேஜ் துணி, சிமெண்ட், தேங்காய், மாங்காய், வைக்கோல், சிவகாசித் தீப்பெட்டி என்று ராத்திரி பகல் ஓய்வில்லாமல் ஓடுகிற சாலை. நான் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நான்கு பிள்ளைகளின் அப்பாக்கள் லாரியில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ரேங்க் கார்டில் கையெழுத்து எப்போதும் அம்மாவுடையதுதான். "அப்பா எங்கே?" என்று கேட்டால், "லோடுக்குப் போயிருக்காங்க டீச்சர்" என்பார்கள். எப்போது வருவார் என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

பெரிய கம்பெனியிலிருந்தே தொடங்குகிறேன். திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் ரயில்வேயிலும் பேங்கிலும் வேலை பார்த்துவிட்டு, 1912-இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து டி.வி.எஸ். ஆனது. பஸ்ஸும் லாரியும் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் ஓடின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் திண்டாடியபோது, வண்டியை ஓட்ட கேஸ் பிளாண்ட் தயாரித்துப் பொருத்தியவர் அவர். ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்புவார் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அந்தக் கடிகாரப் பேச்சு சும்மா பெருமைக்குச் சொல்வது போலத் தெரியும். ஆனால் என் மாணவன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. பஸ்ஸுக்கு டைம் உண்டு. காலை 6 மணிக்கு எடுக்க வேண்டும் என்றால் 6 மணிக்கு டிரைவர் டெப்போவில் நிற்க வேண்டும். அவரை அனுப்ப டைம் கீப்பர் வேண்டும், அவர் இறங்கினால் ஏற அடுத்த டிரைவர் வேண்டும். ஆக, பஸ் டிரைவர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்பது தினமும் ஒரு நோட்டில் ஏறிவிடும். லாரிக்கு டைம் கிடையாது, லோடுதான் உண்டு. லோடு ஏறினால் கிளம்பும், இறக்கினால் திரும்பும். நடுவில் போன மணி நேரத்தை எழுதி வைக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

இத்தனைக்கும் சட்டம் ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, டிரைவர் ஒரேயடியாக 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, அதற்குள் அரை மணி ஓய்வு வேண்டும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். தூங்கிவழிகிற டிரைவர் ரோட்டில் போகிறவர்கள் மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் அதில் முதல் கவலை என்று நினைக்கிறேன். சம்பளம், லீவு பற்றி அதில் பேச்சில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. இதைப் படித்துப் பாருங்கள், நல்ல சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தூரப் பயணம் என்றால் அனுமதி வாங்கி 10 மணி, 54 மணி வரை போகலாம். வாரம் ஒரு நாள் ஓய்வு. ஓவர்டைம் பார்த்தால் இரண்டு மடங்கு சம்பளம். வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு. ராத்திரி தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை. 100 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன். குழந்தைகளை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. டிரைவர், கண்டக்டர், கிளீனர், டைம் கீப்பர், புக்கிங் கிளார்க், வாட்ச்மேன் எல்லாரும் இந்தச் சட்டப்படி மோட்டார் தொழிலாளர்கள். ஆள் ஏற்றுகிற வண்டி, சரக்கு ஏற்றுகிற வண்டி என்ற பேதமும் கிடையாது.

ஆனால் முதல் பிரிவிலேயே ஓர் எண் இருக்கிறது: 5. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்குத்தான் இந்தச் சட்டம்.

கணக்குப் போடுங்கள் பிள்ளைகளா. ஒரு லாரிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர். ஒருவரிடம் இரண்டு லாரி இருந்தால் நான்கு பேர், சட்டத்துக்கு வெளியே. மூன்று லாரி இருந்தால் ஆறு பேர், உள்ளே. உடனே என்ன நடக்கும்? மூன்றாவது லாரி மனைவி பெயரில் பதிவாகும், நான்காவது மச்சான் பெயரில். எல்லா வண்டியும் ஒரே ஷெட்டில் நிற்கும், ஒரே ஆள்தான் கணக்குப் பார்ப்பார். ஏட்டில் மட்டும் ஆளுக்கு இரண்டு. ஐந்துக்குக் குறைவான இடங்களுக்கும் அறிவிக்கை போட்டு இந்தச் சட்டத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. அந்த ஒற்றை வரியைப் பயன்படுத்தியிருந்தால் எத்தனையோ குடும்பங்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

என் சித்தப்பா ஒருவர் அந்தக் காலத்தில் லாரியில் கிளீனராக ஏறியவர். ஏறும்போது மீசைகூட முளைக்கவில்லை. குழந்தைகளை வைக்கக்கூடாது என்று சொன்ன சட்டம் அப்போது அமலில் இருந்தது, அது வேறு விஷயம். பிறகு லைசென்ஸ் எடுத்து, ராஜபாளையத்தில் ஏற்றி கேரளாவுக்குப் போகிற லைன் வண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, நடைக் கணக்கு எழுதிய நோட்டுகள் அடுக்காக இருந்தன. சித்தி அவற்றை அடுப்பெரிக்கப் போட இருந்தார், நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, லோடு, ஊர். கீழே வரிசையாக அட்வான்ஸ், டீசல், படி, பஞ்சர், ஏற்றுகூலி, இறக்குகூலி, கயிறு, செக்போஸ்ட், "இதர". இந்த "இதர" என்றால் என்ன என்று லாரிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டாம். சில பக்கங்களில் படியைவிட இதர அதிகமாக இருக்கிறது. கடைசியில் மிச்சம் எவ்வளவு, முதலாளி தர வேண்டியது எவ்வளவு என்று கூட்டிக் கழித்து எழுதியிருப்பார். ஐந்தாவதோடு நின்ற மனிதர், கூட்டலில் ஒரு பிழை கிடையாது.

அத்தனை பக்கத்திலும் மணி என்று ஒரு பத்தி இல்லை. எத்தனை மணிக்குக் கிளம்பினார், மில் வாசலில் எத்தனை மணி நேரம் நின்றார், செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் கிடந்தார், எப்போது தூங்கினார், எதுவும் இல்லை. காசு தராத நேரத்தை யார் எழுதி வைப்பார்கள்? ஒரு லோடு இறக்கக் காத்திருந்து மூன்று நாள் போனால், நோட்டில் அது இரண்டு தேதிகளுக்கு இடையில் உள்ள வெற்றிடம்தான்.

இந்த இடத்தில் ராஜபாளையத்து மில் சங்கை நினைத்துக்கொள்வேன். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி, அடுத்தடுத்து எத்தனையோ மில்கள் வந்தன. 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஊரே சங்குச் சத்தத்தை வைத்து அடுப்புப் பற்றவைத்தது. மில்லுக்குள் வேலை பார்ப்பவருக்கு ஷிப்ட் முடிந்ததும் சங்கு ஊதும். அதே மில்லின் கேட்டுக்கு வெளியே பஞ்சு லோடோடு காத்திருக்கும் டிரைவருக்கும் அந்தச் சங்கு கேட்கும். ஆனால் அது அவருக்காக ஊதுவது இல்லை.

இனி பஸ் கதை. தமிழ்நாடு அரசு 1971-இல் சட்டம் போட்டு, பெரிய முதலாளிகளின் பஸ்களை எடுத்துக்கொண்டது. 1972 ஜனவரியில் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன் ரோடுவேஸ் கார்ப்பரேஷன் உருவாயின. டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் பஸ்கள் ஆனது அப்போதுதான். 1974-இல் திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன். (1997-இல் இந்தப் பெயர்கள் எல்லாம் போய், ஒரே பெயராக அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது.) ஆயிரக்கணக்கான டிரைவர்கள், கண்டக்டர்கள் ஒரே முதலாளியின் கீழ் வந்தார்கள். சங்கங்கள் வலுத்தன. சில வருஷங்களுக்கு ஒருமுறை அரசோடு உட்கார்ந்து ஊதிய ஒப்பந்தம் போடும் வழக்கம் வந்தது. 1998 செப்டம்பரிலிருந்து ஓய்வூதியமும் வந்தது.

பஸ் டிரைவர்கள் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லை. 2018 ஜனவரியில் ஒரு வாரத்துக்கு மேல் பஸ் ஓடாமல் நாம் தவித்தது நினைவிருக்கும். சங்கங்கள் 2.57 மடங்கு கேட்டன, அரசு 2.44 என்றது. டி.ஏ. நிலுவைக்காக ரிட்டயரானவர்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள், என் உறவிலேயே உண்டு. ஆனால் பாருங்கள், புள்ளி பதின்மூன்றுக்குச் சண்டை போட ஒரு மேஜையும், மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆளும் இருந்தார்கள். என் சித்தப்பா யாரோடு உட்கார்ந்து பேசுவது? அவருடைய முதலாளியே ஃபைனான்ஸ்காரருக்குப் பயந்து ஒளிந்து திரிந்த நாட்கள் உண்டு.

அரசுடைமை ஆனது பஸ்தான். டி.வி.எஸ். நிறுவனத்தின் லாரிகள் கம்பெனியிடமே இருந்தன. பஸ்ஸில் கூட்டம் ஒரே குடைக்குள் சேர்ந்த அதே காலத்தில், லாரித் தொழில் எதிர்த்திசையில் சிதறியது. இது முக்கியமான திருப்பம். 1969-இல் வங்கிகள் அரசுடைமை ஆகி, வண்டி வாங்கக் கடன் கிடைக்கத் தொடங்கியது. 1975-இல் நேஷனல் பெர்மிட் வந்து, ஒரே பெர்மிட்டில் பல மாநிலம் ஓடலாம் என்றானது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் நிலத்தை அடகு வைத்தும் நாலு பேர் பங்கு சேர்ந்தும் லாரி வாங்கினார்கள். 1979-இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் ட்ரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்ற கம்பெனிகள் பழைய லாரிக்கும் கடன் கொடுத்தன. கிளீனராக ஏறியவர் டிரைவராகி, டிரைவர் ஓனராகும் கதைகள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது, பேங்க் படி ஏறப் பயந்த குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அதன் மறுபக்கம், இன்றைக்கும் நாட்டில் லாரிகளில் பெரும்பகுதி ஐந்து வண்டிக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுடையது. சரக்கு அனுப்புகிற பெரிய கம்பெனி, புக்கிங் ஆபீஸிடம் வாடகை பேசும். புக்கிங் ஆபீஸ் கமிஷனை எடுத்துக்கொண்டு ஓனரிடம் கொடுக்கும். ஓனர் டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், தவணை எல்லாம் கழிப்பார். இவை எதையும் அவரால் குறைக்க முடியாது. அவர் கையால் குறைக்க முடிவது ஒன்றே ஒன்றுதான், டிரைவர் படி. கிளீனரை அடியோடு நிறுத்திவிட்டார்கள். தார்ப்பாய் கட்டுவதும், ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவதும் இப்போது டிரைவரே.

முன்பு நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுக்க இடம் வேண்டும் என்று விதி இருந்தது. பாதி வண்டிகளில் இரண்டாவது டிரைவர் ஏட்டில் மட்டுமே இருந்தார் என்பது வேறு. 2018-இல் அந்த இரண்டு டிரைவர் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனைச் சாவடிகள் போனது நிஜமாகவே பெரிய நிம்மதி, ஆரியங்காவில் கிடந்த கிடையெல்லாம் சித்தப்பா சொல்லி அழுதிருக்கிறார். ஆனால் கூடவே இ-வே பில் வந்தது. முதலில் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்கு, 2021 ஜனவரியிலிருந்து 200. அதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். சரக்கு ஒரு நாளில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்கிட அரசிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று கணக்கிட இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்ம பிள்ளைகள், "அங்கே எல்லாம் அப்படியா?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் லாரி டிரைவர்களுக்கு மைலுக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கூலி. 1938-இல் அங்கே ஓவர்டைம் சட்டம் வந்தபோது, மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவர்களை அதிலிருந்து விலக்கினார்கள், அந்த விலக்கு இன்னும் இருக்கிறது. 1964-இல் ஜிம்மி ஹோஃபா தலைமையில் நாடு முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் போட்டு, லட்சக்கணக்கான லாரி டிரைவர்கள் நல்ல சம்பளம் வாங்கிய காலமும் உண்டு. 1980-இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு அது சரிந்தது. 1924-இல் தொடங்கிய யெல்லோ என்ற பெரிய லாரி கம்பெனி 2023-இல் மூடப்பட்டபோது 30,000 பேருக்கு வேலை போனது. ஆக, பெரிய கம்பெனி என்றால் மட்டும் போதாது. ஐரோப்பாவில் ஒரு விதி எனக்குப் பிடித்தது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. அதோடு, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு வரும்படி தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்து டிரைவருக்குக் காசு தரக்கூடாது என்று 2006-இலேயே எழுதிவிட்டார்கள். நடைக்கூலியே ஆபத்து என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது.

நம்ம நாட்டில் 2018 ஜூலையில் எட்டு நாள் லாரி ஸ்ட்ரைக் நடந்தது. டீசல் விலை, டோல், இன்சூரன்ஸ் பிரீமியம் ஆகியவைதான் அதன் முக்கியக் கோரிக்கைகள், அது ஓனர்களின் ஸ்ட்ரைக். 2024 ஜனவரி முதல் தேதி வாக்கில் டிரைவர்களே வண்டியை நிறுத்தினார்கள். விபத்து பண்ணிவிட்டு ஓடினால் 10 வருஷம் ஜெயில் என்ற புதுச் சட்டப் பிரிவுக்கு எதிராக. அதில் நியாயம் இருந்தது, அடிக்குப் பயந்துதான் ஓடுகிறோம் என்றார்கள். ஆனால் எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையை முன்வைத்து நாடு முழுவதும் லாரி நின்றதாக நான் படித்ததில்லை. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டது. நல்லதுதான், வரவேற்கிறேன்.

இப்போது அந்த எண்ணுக்குத் திரும்புவோம். 1961 சட்டம் உட்படப் பல தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து 2020-இல் நாடாளுமன்றம் புதுத் தொகுப்பு நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் மோட்டார் நிறுவனம் என்றால் 10 தொழிலாளர்கள் வேண்டும். 5 என்று இருந்தது 10 ஆகிவிட்டது.

மறுபடி கணக்கு. 1961-இல் டிரைவர், கிளீனர் சேர்த்து மூன்று லாரி வைத்திருந்தாலே ஆறு பேர், சட்டம் தொடும். இன்று கிளீனர் கிடையாது. ஒன்பது லாரி, ஒன்பது டிரைவர், ஆபீஸில் தனி ஆள் இல்லை என்றால் ஒன்பது பேர்தான். சட்டம் தொடாது. பி.எஃப்.புக்கு 20 பேர், இ.எஸ்.ஐ.க்கும் கிராஜுவிட்டிக்கும் 10 பேர் என்று அவற்றுக்கும் எண்கள் உண்டு. 5, 10, 20 என்று வாய்ப்பாடு மாதிரி. நாலாயிரம் கிலோமீட்டர் போய்வருகிற மனிதன் எந்த வாய்ப்பாட்டிலும் விழவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லிருந்தே மோட்டார் தொழிலுக்கு உண்டு, நடைக்கூலி வாங்கினாலும் அந்த அளவுக்குக் குறையக்கூடாது. ஆனால் வேலை நடக்கும் இடமே ஓடிக்கொண்டிருந்தால் இன்ஸ்பெக்டர் எங்கே போய்ச் சோதிப்பார்?

தலை எண்ணாத சட்டம் ஒன்று உண்டு. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம். இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஒரே ஒரு டிரைவர் இருந்தாலும், வேலையில் இருக்கும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. விபத்துக்கு அவரே காரணம் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்தாலும் உண்டு. லாரி இன்சூரன்ஸிலேயே இது அடக்கம். பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. "தப்பு உங்க வீட்டுக்காரர் மேலதாம்மா" என்று யாராவது சொல்ல, கையில் ஈமச்சடங்குச் செலவுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கணக்கு டீச்சராகவும் இருந்தவள் என்பதால் இதையும் போட்டுக் காட்டுகிறேன். இறப்புக்கு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு 1923 சட்டத்தின் அட்டவணையில் 184.17. 2020 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 15,000 வரை கணக்கில் எடுக்கலாம் என்று வைத்தார்கள். 15,000 சம்பளம் என்று காட்ட முடிந்தால் 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். சம்பளத்துக்குக் காகிதமே இல்லாமல், 8,000 என்று அதிகாரி எடுத்துக்கொண்டால் 4,000 × 184.17 = 7,36,680 ரூபாய். வித்தியாசம் 6,44,595. ஒரு மகளின் காலேஜ் படிப்பு. நடைக்கு நடை கையில் வாங்கி, எதிலும் எழுதாமல் விட்டதற்கு ஆன விலை அது.

அதனால் லாரி ஓட்டும் பிள்ளைகளே, படியும் சம்பளமும் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். முடியாதென்றால் ஜிபேயில். அதுவும் முடியாதென்றால் சித்தப்பா மாதிரி நோட்டில் எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். கிளம்பிய மணி, சேர்ந்த மணி என்று இரண்டு பத்தி கூடுதலாகப் போடுங்கள். லாரி ஓனர்களாக இருக்கும் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்களும் வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது டிரைவருக்கான பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது சின்னத் தொகை. டிரைவருக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் தலையில் விழ வேண்டியதைத் தாங்குவது அதுதான்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதிய வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு உதவித்தொகையும் 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியமும் உண்டு. பஸ் டிரைவர் பென்ஷனோடு ஒப்பிட முடியாத தொகை, ஆனால் நம்ம பக்கம் அதற்குக்கூடப் பதியாதவர்கள் நிறையப் பேர். 59 வயதில் ஓடி வந்து பதியலாம் என்று இருக்காதீர்கள். பதிந்தவர்கள் புதுப்பிக்க மறக்காதீர்கள். விருதுநகர் தொழிலாளர் அலுவலகத்தில் பதியலாம், ஆன்லைனிலும் பதியலாம்.

ஆதார், லைசென்ஸ், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தால் வாரிய விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன். மாலை 4 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். லோடுக்குப் போயிருந்தால் வீட்டம்மா வந்தாலும் போதும்.